பூப்பறிக்கும் நேரமும் நோய் பார்க்கும் நேரமும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



நோய் வந்த பின் மருந்து தேடுவதைவிட வருமுன் காப்பதே மேல் என்று நாம் மூன்றாம் வகுப்பு முதல் கட்டுரை எழுதி வருகிறோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்து எழுதி, பத்துக்கு எட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சென்ற ஆண்டு என் அம்மாயியின் இடது கால் பெருவிரலை எடுத்த அன்றுதான், அந்தக் கட்டுரைகளில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு என்று தெரிந்தது. வருமுன் காப்பது சரி; எத்தனை மணிக்குக் காப்பது?

எங்கள் ஊர் பனமரத்துப்பட்டி. சேலத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஒரு காலத்தில் சேலம் நகருக்கே குடிநீர் கொடுத்த ஏரி எங்கள் ஏரி என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இன்று எங்கள் ஊர்ப் பெயர் வெளியே தெரிவது அரளிப் பூவால்தான். கோயில் வாசலில் சிவப்பும் வெள்ளையுமாகத் தொங்கும் மாலைகளைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அவற்றில் பல எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போனவை. அரளி மலர்ந்துவிட்டால் விலை போகாது. மொட்டாகவே பறிக்க வேண்டும். ஆகவே விடியுமுன்பே நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மொட்டோ எடையே இல்லாதது. ஒரு கிலோ சேர்ப்பதற்குள் விரல்கள் மரத்துப் போகும். (அரளிச் செடியின் பால் விஷம். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. மாலைக்கு ஏற்ற பூவை ஆண்டவர் ஏன் விஷச் செடியில் வைத்தாரோ, தெரியவில்லை!)

என் அம்மாயி இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பூப்பறிக்கிறார். காலை நான்கு மணிக்குத் தோட்டம். எட்டு மணிக்கு எடை போடும் இடம். பிறகு வீட்டுக்கு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, பத்து மணிக்குக் காட்டு வேலைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

எங்கள் பகுதிக்கு வரும் செவிலியர் நல்லவர். நாங்கள் அவரைச் சிஸ்டர் என்றுதான் அழைப்போம். (இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. அம்மாயி ஒரு முறை நம் பள்ளிக்கு வந்தபோது, தலைமையாசிரியை சிஸ்டரைப் பார்த்ததும் என் காதோரம் குனிந்து, "இந்த சிஸ்டரும் ஊசி போடுவாங்களா கண்ணு?" என்று கேட்டார்.) அந்தச் செவிலியர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதற்கு எங்கள் தெருவுக்கு மூன்று முறை வந்திருக்கிறார். மூன்று முறையும் பதினொரு மணி. மூன்று முறையும் எங்கள் அம்மாயி வீட்டுக் கதவில் பூட்டு. அவர் தம் நோட்டில் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியது பொய்யில்லை. அம்மாயியும் ஒளிந்துகொள்ளவில்லை. இருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். இருந்தும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போய்ப் பார்த்துட்டு வாயேன் அம்மாயி" என்றேன். "எனக்கென்ன கண்ணு நோவு? கல்லாட்டம் இருக்கறேன். நல்லா இருக்கறவ ஒரு நாள் கூலிய விட்டுட்டுப் போயி, ஊசி குத்திக்கிட்டு வரணுமா?" என்று சிரித்தார்.

பிறகு ஏரிக்கரைப் பக்கம் நடந்து வரும்போது காலில் சீமைக் கருவேல முள் ஏறியது. வலிக்கவே இல்லையாம். வலிக்காததை நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, கால் நாறுகிறது என்று அம்மாதான் கண்டுபிடித்தார். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை நானூறைத் தொட்டிருந்தது. பல ஆண்டுகளாகவே சர்க்கரை இருந்திருக்க வேண்டும், அதுதான் காலின் உணர்ச்சி நரம்புகளை மரத்துப் போகச் செய்திருக்கிறது, ஆகையால்தான் முள் குத்தியது தெரியவில்லை என்று மருத்துவர் விளக்கினார். வலி இல்லாததே நோயாக இருக்க முடியும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

தோழியரே, இரத்த அழுத்தமும் இப்படித்தான். அது தலைவலி என்றோ காய்ச்சல் என்றோ முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. ஒரு நாள் கை கால் விழுந்த பிறகே பலருக்கு அது இருந்தது தெரிகிறது. தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டு நடந்த ஒரு பெரிய ஆய்வில், இரத்த அழுத்த நோய் உள்ளவர்கள் 100 பேரை எடுத்துக்கொண்டால், அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் சுமார் 7 பேர்தான் என்று தெரிந்தது. சர்க்கரை நோயிலும் ஏறத்தாழ 11 பேர்தான். எண்ணிப் பாருங்கள்! மற்றவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள், நமக்கு அருகிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி வைக்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்களும் செவிலியர்களும் வீட்டுக்கே சென்று பரிசோதிப்பதும் மாத்திரை கொடுப்பதும் அதன் வேலை. 2023-24-இல் மறுபடி ஆய்வு செய்தபோது இரண்டு நோய்களிலுமே கட்டுக்குள் இருப்பவர்கள் 100-க்குச் சுமார் 17 பேர் என்று வந்தது. 2024-இல் அத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. வாசலுக்குப் போனால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் 17 போக மீதி 83 பேர் என்ன ஆனார்கள் என்றும் கேட்க வேண்டும் அல்லவா? அந்த 83 பேரில் ஒருவராகத்தான் எங்கள் அம்மாயி இருந்தார்.

பெரிய முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சேலம் மாவட்டத்து வாழப்பாடியில்தான் 2021 செப்டம்பர் 29-இல் 'கலைஞரின் வருமுன் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. 1999-இல் இருந்த பழைய திட்டத்துக்கு மறுபிறவி அது. முகாம் என்றால் சிறப்பு மருத்துவர்கள் வருவார்கள், இருதயப் படம் எடுப்பார்கள், பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, திருவிழாப் போல் இருக்கும். நல்லதுதான். ஆயினும் திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். "மறுபடி வந்து காட்டு" என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், அவள் யாரிடம் போய்க் காட்டுவாள்? ஊரிலேயே இருக்கும் செவிலியரிடம்தான் போக வேண்டும். ஆகவே முகாமைவிட, சின்னதாக இருந்தாலும், என்றும் திறந்திருக்கும் செவிலியர் நிலையமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதை எங்கள் வகுப்புப் பட்டிமன்றத்தில் சொன்னபோது எதிர்க்கட்சித் தோழி எழுந்து ஒரு கேள்வி போட்டாள். "டாக்டருக்குப் படித்தவர் செய்ய வேண்டியதை நர்ஸ் செய்தால், ஏழைகளுக்கு இரண்டாந்தர வைத்தியம் போதும் என்று சொல்வதாகாதா?" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். நடுவர் அவளுக்கே பரிசு கொடுத்தார். பரிசு நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் நம் தமிழ்நாட்டிலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது என்று பிறகுதான் அறிவியல் ஆசிரியை எடுத்துச் சொன்னார். அன்று சொல்ல முடியாததை இன்று இந்த மலரில் சொல்லிக்கொள்கிறேன்.

அது கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றியது. இதை நம் பள்ளி மலரில் எழுதலாமா என்று தயங்கித் தமிழாசிரியையிடம் கேட்டேன். "எழுது, ஆனால் சரியாக எழுது" என்றார்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிலிக்கை என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையமும், பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்துப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 114 ஊர்த் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57-இல் வழக்கமான சிகிச்சை மட்டும். பரிசோதித்தது யார் தெரியுமா? பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

எதைக் கொண்டு பரிசோதித்தார்கள் என்பது இன்னும் வியப்பு. நாம் வேதியியலில் எத்தனாயிக் அமிலம் என்று படிக்கிறோமே, ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர், அதுதான்! நீர் கலந்த அந்த அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பையின் வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாற்றம் தொடங்கிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. முடிவுக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதுமில்லை. வெள்ளையாகத் தெரிந்தவர்களுக்கு, தேவையானால் அதே வருகையிலேயே சதை மாதிரி எடுப்பதையும், குளிரூட்டி உறைய வைத்து அந்த இடத்தை அழிக்கும் சிகிச்சையையும் செவிலியர்களே செய்தார்கள். புற்றுநோய் என்று உறுதியானவர்களை மட்டும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

இந்த ஆய்வின் முடிவு 2007-இல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில், மற்ற ஊர்களைவிட, புதிதாக இந்தப் புற்றுநோய் வருவது கால் பங்கு குறைந்தது. அதனால் நேர்ந்த மரணம் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே குறைந்தது. என் தோழிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுவே: பஞ்சையும் வினிகரையும் கையில் வைத்திருந்த செவிலியர்கள் உயிர்களைக் காப்பாற்றினார்கள் என்பதை உலகமே ஒப்புக்கொண்டது. அது எப்படி இரண்டாந்தர வைத்தியமாகும்? அந்த ஊர்ப் பெண்களுக்கு அதற்கு முன் முதல் தரமும் இல்லை, மூன்றாந்தரமும் இல்லை, ஒன்றுமே இல்லை.

ஆனால் நான் அந்த ஆய்வில் மிகவும் யோசித்தது வேறொரு எண்ணைப் பற்றி. அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். கழித்துப் பாருங்கள். 17,968 பெண்கள் வரவில்லை. இத்தனை ஏற்பாடு செய்து, இலவசமாக, ஊருக்கே வந்து கூப்பிட்டும் மூன்றில் ஒருத்திக்கு மேல் வரவில்லை! இது ஆய்வின் குறை அல்ல. மற்ற இடங்களோடு பார்த்தால் அவ்வளவு பேர் வந்ததே பெரிது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் இந்தப் பரிசோதனையை வாழ்நாளில் ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதிலும் 100-க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் 100-க்குச் சுமார் 10 பேர். அதுவே மற்ற பல மாநிலங்களைவிட மேலான நிலை என்றால் என்ன சொல்வது?

வராத அந்தப் பதினெட்டாயிரம் பேரும் அறியாமையால் வரவில்லை என்று எழுதிவிடுவது எளிது. பாடநூல் கட்டுரையில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இப்போது எழுத மாட்டேன். எங்கள் அம்மாயிக்கு அறியாமை கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூட்டிய கதவு அறியாமையா? காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கக்கூடிய பெண் எங்கள் தெருவில் யார்? ஒன்று கைப்பிள்ளைக்காரி, இல்லாவிட்டால் படுத்த படுக்கையாகக் கிடப்பவள். ஆகவே பச்சைக் குழந்தையின் தாய்க்கும் ஏற்கெனவே நோயில் விழுந்தவர்களுக்கும் செவிலியரின் சேவை கிடைத்துவிடுகிறது. நோய் உள்ளே இருந்தும் ஓடியாடி உழைக்கும் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. யாருக்காக இந்தப் பரிசோதனையோ, அவர்களைத் தவிர மற்றவர்களைப் பார்த்துவிட்டு வருகிறது இந்த ஏற்பாடு. கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், ஜருகுமலையிலிருந்து கூலிக்கு இறங்கி வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இதே சங்கடத்துக்கு ஒரு வழி கண்டார்கள் என்று ஆசிரியை சொன்னார். அங்கே கறுப்பின ஆண்களுக்கு இரத்த அழுத்தம் அதிகம். ஆனால் மருத்துவமனைக்கு வருவது குறைவு. ஆகவே மருந்தாளுநர்களை முடிதிருத்தும் கடைகளுக்கே அனுப்பினார்கள். முடி வெட்டிக்கொள்ள மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை எப்படியும் வருவார்கள் அல்லவா? நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுத்தம் பார்த்து, அங்கேயே மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரி 27 புள்ளி இறங்கியது. மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று புத்தி மட்டும் சொல்லி அனுப்பிய கடைகளில் 9 புள்ளிதான் இறங்கியது. 2018-இல் இந்த முடிவு வெளியாயிற்று.

இதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று எடை போடும் இடம் நினைவுக்கு வந்தது. பெண்கள் போய் உட்காரும் முடிதிருத்தும் கடை எங்கள் ஊரில் ஏது? ஆனால் காலை எட்டு மணிக்குப் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, தராசுக்காக அரை மணி நேரம் காத்திருக்காத பூப்பறிக்கும் பெண் எங்கள் ஊரில் இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பதற்கும் அதைவிட நல்ல நேரம் கிடையாது. அதுவரை ஒரு டம்ளர் டீயைத் தவிர வேறெதுவும் குடித்திருக்க மாட்டார்கள். அதையும் அன்று ஒரு நாள் நிறுத்தச் சொன்னால் போதுமே!

இதை நான் செவிலியரிடம் சொன்னேன். அம்மாயிக்குக் கட்டு மாற்ற வந்திருந்தார். சிரித்துவிட்டு, "எனக்குப் பத்து மணிக்கு மேல்தான் பாப்பா நேரமே" என்றார். ஆனாலும் ஒரு நாள், வரும் வழிதானே என்று, எட்டு மணிக்கே பையோடு வந்து எடை போடும் இடத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். முதலில் யாரும் கையை நீட்டவில்லை. அம்மாயி கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டி, "என்னாட்டம் வெரல எடுக்கணும்னா சும்மா போங்கடி" என்று ஒரு அதட்டுப் போட்டார். அதன் பிறகு வரிசை நின்றது. எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. செவிலியர் கொண்டு வந்திருந்த சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் டப்பா தீர்ந்துவிட்டது. அது மட்டும் தெரியும். தராசுக்காரருக்கும் அழுத்தம் பார்த்தார்கள். எல்லாரையும் அவசரப்படுத்தும் அவருக்குத்தான் அன்று எல்லாரையும்விட அழுத்தம் அதிகமாயிருந்தது!

இவ்வளவு எளிதாயிருந்தால் ஏன் ஒவ்வொரு வாரமும் செய்யக்கூடாது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்கு அவர் தம் பையிலிருந்த பதிவேடுகளை எடுத்துக் காட்டினார். கர்ப்பிணிகள் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, காய்ச்சல் கணக்கு. அத்தனையையும் மறுபடி கணினியில் ஏற்ற வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. 30 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அழுத்தம், சர்க்கரை, வாய்ப்புற்று, மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் திட்டம் வகுத்திருக்கிறார்கள். ஐயாயிரம் பேரில் 30 வயதைத் தாண்டியவர்களே பாதிப் பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அவர்களை எல்லாம் பார்த்து முடித்துக் கணக்கும் எழுதுவதற்கு அவருக்கு இரண்டு கைதானே உண்டு?

ஆகவே செவிலியர் விடியற்காலையில் வர வேண்டும் என்று நான் சொல்வது அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதற்காக அல்ல. எட்டு மணிக்கு வருகிறவர் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகட்டும். கணக்கு எழுதுவதற்கு வேறொருவர் இருக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலை தேடும் அக்காமார்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! ஒவ்வோர் ஊரிலும் பெண்கள் எந்த மணியில் எந்த இடத்தில் கூடுகிறார்கள் என்பதை அந்த ஊர்ச் செவிலியர் அறிவார். தறி ஊரில் வேறு நேரம், பூ ஊரில் வேறு நேரம். நேரத்தை அவரே முடிவு செய்ய விட்டுவிடலாமே! சேலத்திலிருந்து ஒரே கால அட்டவணை போட்டு எல்லா ஊருக்கும் அனுப்ப வேண்டுமா?

ஒரு முறை பார்த்து எழுதிக்கொண்டு போவதோடும் இது முடியாது. அன்று அழுத்தம் அதிகம் என்று தெரிந்தவர்களிடம், மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். போனவர்கள் சிலரே. மற்றவர்கள் சீட்டை மடித்துச் சுருக்குப் பையில் வைத்திருக்கிறார்கள். மறுநாளும் பூப்பறிக்க வேண்டும் அல்லவா? அம்பிலிக்கையில் ஒரே வருகையில் சிகிச்சையும் செய்தார்களே, அதன் அருமை எனக்கு அந்தச் சுருக்குப் பைகளைப் பார்த்த பிறகே விளங்கிற்று.

எடை போடும் இடத்தில் செய்ய முடியாதது ஒன்று உண்டு. அதுதான் கருப்பைவாய்ப் பரிசோதனை. அதற்கு ஓர் அறை வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். சன்னலுக்குத் திரை வேண்டும். எங்கள் அம்மாவுக்கு 38 வயது. அம்மாயியின் கால் விஷயத்தில் அவ்வளவு ஓடியாடிய அம்மா, தம் விஷயம் என்றதும் "போடி, பேச வந்துட்டா பெரிய மனுஷி" என்று அடுப்படிக்குள் போய்விட்டார். பல நாள் நச்சரித்த பிறகுதான் காரணம் வெளியே வந்தது. புற்றுநோய்ப் பயம்கூட இல்லை. அந்த அறையின் கதவு சரியாகச் சாத்தாதாம். பக்கத்துத் தெருக்காரர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்களாம். அம்மாவுக்காகக் காத்திருப்பது ஒரு தாழ்ப்பாள்! ஆணியோடு சேர்த்து வாங்கினாலும் எங்கள் கடைத்தெருவில் அது எவ்வளவு ஆகிவிடும்?

2020-ஆம் ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு குறிக்கோளை வைத்தது. 2030-க்குள் 100-க்கு 90 சிறுமியருக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி. 100-க்கு 70 பெண்களுக்கு 35 வயதிலும் மறுபடி 45 வயதிலும் நல்ல பரிசோதனை. நோய் கண்டவர்களில் 100-க்கு 90 பேருக்குச் சிகிச்சை. வினிகர் முறையைவிட நம்பகமான எச்.பி.வி. கிருமிச் சோதனையையே இப்போது அந்நிறுவனம் முதலாவதாகச் சொல்கிறது. அதில் ஒரு பெரிய வசதி, பெண் தானே மறைவாகச் சென்று மாதிரியை எடுத்துக் கொடுத்துவிடலாம். யாரும் பார்க்க வேண்டியதில்லை. அது எங்கள் ஊர்ச் செவிலியரின் பைக்குள் எப்போது வரும் என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரும் வரை தாழ்ப்பாள்தான் கதி.

தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. யார் வாங்கினார்கள் என்று சொல்லக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே சொல்லவில்லை. அம்மா அடுத்த வியாழக்கிழமை வருவதாகச் செவிலியரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை, நானும் கூட வந்து அறை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். அன்றைக்குத்தான் நமக்குக் கணக்குத் தேர்வு. வகுப்பாசிரியை சிஸ்டர் இதைப் படிக்க நேர்ந்தால், என் விடுப்புக் கடிதம் வருவதற்கு முன்பே காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும்.